அடித்தளம் வேறு, களஞ்சியம் வேறு
(குந்தாரப்பள்ளியில் தமிழன்பர்களிடை நிகழ்த்திய பொழிவின் எழுத்துவடிவம்)



வெள்ளிதோறும் இக் குந்தாரப்பள்ளியிற் கூடும் சந்தையை அறிவீர்கள். ஆடு கொள்ள வருவோன் அதன் நிறத்தையோ கொம்பின் வளைவையோ கண்டு மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே அகவையைக் கணிக்கின்றான். கணினியை உறுப்புறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்ட விழையும் இளைஞர்க்கும் அப் பல் பார்க்கும் அறிவு வேண்டும். அதிலும் இயங்குதளத்தைத் தாங்கும் தேக்ககத்தைத் தேர்கையில் மிகவும் வேண்டும்.

வன்தட்டு என்பது சுழலும் தட்டு. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் ஈரடி அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவையனைத்தும் சேர்ந்து தாங்கியவை 50 இலக்கம் எழுத்துகளே! இன்று உருச் சுருங்கிற்று, கொள்ளளவு பெருகிற்று, ஆயினும் இயல்பு மாறவில்லை. ஒரு நொடியை ஆயிரங் கூறாக்கினால், மணித்துளிக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க அவற்றுள் எட்டுக் கூறுக்கு மேல் வேண்டும். கணினி விழித்தெழுங்கால் இயங்குதளம் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தட்டின் பல இடங்களினின்றும் எடுக்கின்றது. ஒவ்வொன்றிற்கும் காத்திருக்க நேர்தலின் காலத்தாழ்வு மிகுகின்றது.

கடைக்காரர் எசு.எசு.டி. என்னும் திண்மத் தேக்ககத்தில் சுழல்வது ஒன்றுமில்லை. சில்லின் நுண்ணறைகளில் மின்னேற்றமே தேங்கி நிற்கின்றது. இதற்கு அடிப்படையான நினைவகத்தைத் தோசிபா நிறுவனத்தில் 1980-களில் ஆக்கியவர் சப்பானியப் பொறிஞர் புசியோ மசுவோக்கா. இதில் ஒரு கோப்பை எட்ட, மேற்சொன்ன கூறுகளுள் ஒன்றினுங் குறைந்த பொழுதே போதும். ஆகலின் இயங்குதளத்திற்கு இதுவே தக்கது.

இதனுள்ளும் இருவகை உண்டு. சாட்டா வடத்தில் இணைவது நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு படிக்கும். தாய்ப்பலகையின் எம்.2 பொருத்தியிற் செருகும் என்.வி.எம்.இ. வகை அதனினும் பன்மடங்கு விரைவுடையது. ஆனால், எம்.2 பொருத்தி இருப்பதனாலேயே அவ்வகை இயங்கும் என்று கொள்ளற்க; சில பலகைகளில் அப் பொருத்தி சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். பலகையின் கையேட்டைப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறக்க. விண்டோசு 11 கேட்கும் குறைந்த அளவு 64 கிகாபைட்டு. உபுண்டு இலினக்சுக்கு 25 கிகாபைட்டு. எனவே, இயங்குதளத்திற்கு 250 கிகாபைட்டுத் தேக்ககமே தாராளம்.

இனி, உயிரான செய்திக்கு வருவோம். இயங்குதளம் அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். அதன் படி உலகெங்கும் உள்ளது. சந்தைத் தரகர் துண்டு மறைவில் விரல்பற்றி விலைபேசும் வழக்கையும், அதற்குரிய மறைசொற்களையும், மும்மொழி வழங்கும் இவ்வெல்லைப்புறத்து ஊர்ப்பெயர்களையும் ஓரிளைஞன் தொகுத்து வைத்திருந்தால், அத் தொகுப்பு அழிந்தபின் எங்கே போய்ப் பெறுவது?

ஒரே தட்டைப் பகுதிகளாகப் பிரித்துவிட்டால் போதும் என்பர் சிலர். தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோசும் பாசு இலினக்சும் ஒரே வன்தட்டில் அமைந்திருந்தன. கற்பதற்கு அது நல்ல ஏற்பாடே. ஆயின், ஒரு வீட்டைச் சுவரெழுப்பி ஈரறை ஆக்கினும், வீடு எரிந்தால் ஈரறையும் எரியுமன்றோ? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மறுபடி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. அச் சாம்பல் கற்பிக்கும் பாடம் ஒன்றே: ஒற்றைப்படியாய் இருப்பது இல்லாததற்கு ஒப்பாகும்.

ஆகவே, இயங்குதளத்தைச் சிறிய திண்மத் தேக்ககத்தில் வைக்க. எழுத்துகளை வேறொரு வன்தட்டில் வைக்க. அது விரைவிற் குறைந்ததாயினும் குறைந்த விலையில் மிகுந்த இடம் தரும். மற்றொரு படியை வேறொரு வீட்டில் வைக்க. அப் படிக்கும் வன்தட்டே ஏற்றது. மின்னிணைப்பின்றி ஆண்டுக்கணக்கிற் கிடக்கும் திண்மத் தேக்ககத்தில் மின்னேற்றம் கசிந்து போகக்கூடும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வைக்க. இன்றேல் தட்டு பிழைத்தும் எழுத்துப் பிழையாது.

அடித்தளம் விரைக! களஞ்சியம் நிலைக்க! தமிழ் வெல்க!