காஸ்மோஸின் பதினான்கு வரிகள்

   

கலைந்துபோன ஒரு கால்பந்து கிளப்பின் ஆண்டுவாரிக் கணக்கை எப்படி அச்சிடுவது? இந்தக் கேள்வி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் இருவருக்கு என் பதிலும் தெரியும். அது அவர்களுக்குப் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். பழைய புள்ளிகளை எல்லாம் இன்றைய வழக்கப்படி வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று மாற்றிவிடலாம் என்பது அவர்கள் கட்சி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அந்த ஆண்டின் விதியையும் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி. எந்த மரக்காலால் அளந்தது என்று சொல்லாமல் நெல் கணக்கு எழுதினால் களத்துமேட்டில் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

உதாரணத்துக்கு நியூயார்க் காஸ்மோஸை எடுத்துக்கொள்வோம். 1971 முதல் 1984 வரை வட அமெரிக்க சாக்கர் லீகில் 14 பருவங்கள். 1972, 1977, 1978, 1980, 1982 என ஐந்து பட்டங்கள். வார்னர் நிறுவனத்தின் பணத்தில் 1975-இல் பெலே வந்தார். அடுத்த ஆண்டு கினாலியா. 1977-இல் பெக்கன்பவரும் கார்லோஸ் ஆல்பெர்ட்டோவும். அந்த லீகில் வெற்றிக்கு 6 புள்ளி. அதற்கு மேல் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் வரை கோலுக்கு ஒரு புள்ளி, தோற்ற அணிக்கும் உண்டு. டிராவுக்கு 3 புள்ளி தந்துகொண்டிருந்தவர்கள் பிறகு டிராவையே ஒழித்துவிட்டார்கள்.

1973-இல் காஸ்மோஸுக்கு 91 புள்ளி. 1975-இலும் 91. முன்னதில் 19 ஆட்டம், 7 வெற்றி, 7 டிரா. அரையிறுதிக்குப் போய் டல்லாஸிடம் தோற்றது. பின்னதில் 22 ஆட்டம், 10 வெற்றி, 12 தோல்வி. பெலே வந்தும் பிளே ஆஃப் இல்லை. முன்வரிசை நண்பர்கள் சொல்கிறபடி மாற்றினால் 28, 30 என்று வரும். அரையிறுதி ஆடிய ஆண்டு கீழே, வெளியே நின்ற ஆண்டு மேலே!

இனி 1978. எனக்குப் பிடித்த வரி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 30 ஆட்டம், 24 வெற்றி, 6 தோல்வி, 212 புள்ளி. முதன்முதலில் இதைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். முப்பதையும் வென்றால்கூட 180 தானே? 144 புள்ளி வெற்றிகளுக்கு, 68 கோல்களுக்கு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அந்த வரியின் கடைசியில் ‘சாம்பியன்’ என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லுக்கு அடியில் ஆகஸ்ட் 14 புதைந்து கிடக்கிறது. அன்று பிளே ஆஃபில் மினசோட்டா கிக்ஸ் தன் மைதானத்தில் காஸ்மோஸை 9-2 என்று துவைத்து எடுத்தது. ஆலன் வில்லி ஒருவரே ஐந்து கோல். பருவம் முழுவதும் ஆறே முறை தோற்ற அணி ஓர் இரவில் ஒன்பது வாங்கியது. இரண்டு நாள் கழித்துத் தன் ஜயன்ட்ஸ் மைதானத்தில் காஸ்மோஸ் 4-0 என்று வென்றது. ஐரோப்பிய வழக்கப்படி கூட்டினால் 9-6. மினசோட்டா மேலே போயிருக்கும். ஆனால் அந்த லீகில் கோல்களைக் கூட்டும் வழக்கம் இல்லை. ஆளுக்கொரு வெற்றி என்றால் அன்றிரவே 30 நிமிடக் குட்டி ஆட்டம். அதிலும் கோல் விழவில்லை. அடுத்தது ஷூட் அவுட். நம் பெனால்டி மாதிரி இல்லை அது. 35 கஜத்திலிருந்து பந்தை ஓட்டிவந்து, எதிரே வரும் கோல்கீப்பரை ஐந்து நொடிக்குள் ஏமாற்ற வேண்டும். காஸ்மோஸ் பிழைத்தது. ஆகஸ்ட் 27-இல் டாம்பா பேயை 3-1 என்று வென்று பட்டமும் வாங்கியது.

“9-2 ஒரு விபத்து, அதற்கு அட்டவணையில் என்ன வேலை?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். விபத்தாகவே இருக்கட்டும். அதிலிருந்து காஸ்மோஸைக் காப்பாற்றியது அந்த ஆண்டின் விதி. அந்த விதியை நீக்கிவிட்டு ‘சாம்பியன்’ என்ற சொல்லை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? இதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இன்று சொன்னாலும் சரி.

நேரம் ஆகிவிட்டது. மற்றவற்றைக் கோடிட்டு மட்டும் காட்டுகிறேன். அட்டவணைக்குள் வராத ஆட்டங்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும்: 1977 செப்டம்பர் 24-இல் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் பெலே ஆட, மோகன் பகானோடு 2-2, ஒரு வாரம் கழித்துச் சாண்டோஸோடு அவர் விடைபெற்ற ஆட்டம். 1984-இல் 13 வெற்றி, 11 தோல்வி, பிளே ஆஃப் இல்லை. மறுபருவம் லீகே நடக்கவில்லை. அந்தச் சரிவை யாராவது ஆண்டுவாரியாக ஆராயலாம். அதே பெயரில் பின்னாளில் எழுந்த புதிய கிளப்பின் பட்டங்களை இதோடு சேர்க்கக் கூடாது. அது வேறு லீக், வேறு கணக்கு. மற்ற கலைந்த கிளப்புகளுக்கும் இளைய ஆய்வாளர்கள் இப்படிச் செய்யலாம்.

கடைசியாக, தொகுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் தயாரித்துவரும் இந்த ஆண்டுவாரி அட்டவணை அச்சுக்குப் போகுமுன் வலதுபக்கம் இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். விதிகளை நான் எழுதித் தருகிறேன்.