சித்திரப் படங்களிற் பெண்பிள்ளைகள்



சமய மன்றத்து மேடையிலே கார்ட்டூன் பேச்சா என்று பெரியோர் சிலர் புருவம் நெரிப்பது தெரிகிறது. ஆயினும் நமது தெமட்டகொடையிலே, தோட்டத்து வீடாயினும் மாடி வீடாயினும், பிள்ளைகள் ஓடி விளையாட முற்றம் ஏது? பள்ளி விட்டு வந்தால் தொலைக்காட்சிதான் முற்றம், கைத்தொலைபேசிதான் பாட்டி. அந்தப் பாட்டி என்ன கதை சொல்லுகிறாள் என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

இந்தியாவிலே 2008ஆம் ஆண்டில் தொடங்கிய 'சோட்டா பீம்' நம் சிறுவருக்கு மனப்பாடம். டோலக்பூர் என்னும் ஊரிலே பீம் என்ற சிறுவன் லட்டு உண்டு, பலம் பெற்று, எதிரிகளை வீழ்த்துகிறான். அவனுடைய கூட்டத்திலே சுட்கி என்றொரு சிறுமி. அவள் தாய் லட்டுக் கடைக்காரி. சுட்கி லட்டுக் கொடுக்கிறாள், பீம் உண்கிறான், உண்டபின் வெல்கிறான். சில வேளை அவளும் துணிந்து சண்டையிடுகிறாள். இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் படத்தின் பெயரும் வெற்றியும் அவனுக்கு. பலகாரத் தட்டு அவளுக்கு.

இங்கேதான் வேடிக்கை. வியாசர் காட்டிய வீமன் யார்? அஞ்ஞாதவாசம் இருந்த ஓராண்டும் விராடன் அரண்மனையிலே சமையற்காரனாக இருந்தவன்! நளபாகம், பீமபாகம் என்று நம்மவர் இன்றும் நல்ல சமையலைப் புகழ்வது இரண்டு ஆண்மக்களின் பெயராலேதான். கதாயுதம் ஏந்திய கை அகப்பை ஏந்தியதால் வீமனுக்கு இழுக்கு வந்ததா? பழைய கதையில் அவன் கையிலிருந்த அகப்பை, புதிய கதையிலே பெண்கள் கைக்கு மாறிவிட்டது. இதைப் பழமையின் குற்றம் என்பார் பழமையை அறியாதார்.

மேனாட்டுப் படங்களின் செய்தி வேறு. டிஸ்னி நிறுவனத்தாரின் 1937ஆம் ஆண்டுப் படத்திலே ஸ்நோ ஒயிட் வீடு பெருக்கி, சமைத்து, அரசகுமாரனுக்காகக் காத்திருந்தாள். 1998இல் மூலான் என்ற சீனப்பெண் வாளேந்திப் போர்க்களம் புகுந்தாள். ஆகா, என்ன முன்னேற்றம் என்று உலகம் கைதட்டியது. 2016இல் கார்மன் ஃபோட், கேரன் ஐசன்ஹவர் என்னும் மொழியியலறிஞர் இருவர், இப்படங்களிலே யார் எவ்வளவு பேசுகிறார் என்று எண்ணிப் பார்த்த முடிவு வெளிவந்தது. 1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில், நாயகி உறங்கிக் கிடக்கும் கதையில், பேச்சிலே நூற்றுக்கு 71 பங்கு பெண்களுடையது. வீராங்கனை மூலானின் படத்திலோ 23 பங்குதான்! நாயகி ஒருத்தி பெண். சுற்றி நிற்கும் மன்னர், மந்திரி, தளபதி, போர்வீரர், துணைக்கு வரும் குட்டி டிராகன்கூட ஆண். 1992இல் வந்த 'அலாவுதீன்' படத்திலே பெண்கள் பங்கு 10. சகோதரிகள் இருவர் நாயகிகளாக 2013இல் வந்த 'ஃப்ரோசன்' படத்திலும் அது 41தான்.

நன்மையையும் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களிலே பெண்களுக்குக் கிடைத்த பாராட்டில் 55 பங்கு அழகுக்கு, 11 பங்கே திறமைக்கு. புதிய படங்களிலே அழகுக்கு 22, திறமைக்கு 40.

ஆனால் நாலு வயதுப் பெண்பிள்ளை இத்தனை ஆண்குரலுக்கு நடுவே ஒரு பெண்குரலைக் கேட்டு வளர்ந்தால், சபையிலே பேசுவது தன் வேலையல்ல என்று எண்ணிக்கொள்ளாதா? நம் சாவித்திரி யமனை வாளால் வெல்லவில்லை. விடாமற் பின்தொடர்ந்து, பேசிப் பேசியே வரங்களைப் பெற்றாள். கார்க்கி, ஜனகன் கூட்டிய அவையிலே எழுந்து யாக்ஞவல்கியரை வினாவினாள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். இந்த வாரம் பிள்ளையோடு கூட இருந்து ஒரு படம் பாருங்கள். யார் பேசுகிறார், யார் பரிமாறுகிறார் என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். இளைஞரிடம் வேறொன்று. வரும் நவராத்திரிக்கு விராட பருவத்தை நாடகமாக்குவோம். மந்திரி, தூதர், காவலர் வேடங்களுக்குப் பெண்பிள்ளைகள் வசனம் பாடஞ் செய்யட்டும். வீமனாக நடிப்பவர் அகப்பையைத் தம் வீட்டிலிருந்தே கொண்டுவரலாம்.