நோய்க்கால ஊதியம் இரவலன்று
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணலாம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்குச் சென்று உழைப்போர் நம்மிடையே பலர். அவர்கள் நோயுற்றால் வீட்டு அடுப்பும் உடன் படுத்துவிடுகிறது.

இந்நிலையைக் கருதியே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் உரிய சந்தா நாள்களை நிறைத்த தொழிலாளி நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு பெறுவார். காசம், புற்றுநோய் முதலிய 34 நெடுநோய்களுக்கு, ஈராண்டுப் பணி நிறைந்தோர் 80 பங்கு வீதம் ஈராண்டு வரையும் பெற வழியுண்டு.

“கையேந்துவதா?” எனக் கூசுவோர் உளர். 2019 ஜூலை முதல் கூலியில் நூற்றுக்கு 0.75 பங்கு தொழிலாளியும், 3.25 பங்கு முதலாளியும் செலுத்தி வந்தனர். விளைந்த நாளில் பத்தாயத்தில் இட்ட நெல்லைப் பஞ்சத்தில் எடுப்பது இரத்தலாகுமோ?

மருத்துவச் சான்று இடையறாது இருத்தல் வேண்டும். அந்நாள்களில் வேறு கூலிவேலைக்குச் செல்லலாகாது. மொழி தெரியாதெனவும் ஒதுங்க வேண்டா. குறையீட்டு மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, தமிழிலேயே எழுதுவோம்.

எழுந்து நடக்க இயலாதவர் அலுவலகப் படியேறுவது எங்ஙனம்? அப்பணியை நம் சங்கத்து இளைஞர் ஏற்றல் வேண்டும். நோயாளி இளைப்பாறட்டும், அவர்தம் தாள்களை ஏந்தி நாம் நடப்போம்.