மாதிரி அட்டை வரையும் கை



நம் முன்னோர் தோல் பதனிட்டனர். அதைக் காட்டியே ஊர் அவர்களை ஒதுக்கியது. இன்று ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம் மாவட்டத்துச் செய்யாற்றிலும் காலணித் தொழில் பெருந்தொழிலாகிவிட்டது. எல்லோரும் அத்தொழிலுக்கே செல்லுங்கள் என்று நான் கூறவில்லை. செல்வோர் பிறர் கொடுத்த அட்டையை வைத்து வெட்டுவதோடு நின்றுவிடாதீர்கள்; அவ்வட்டையை வரையக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். வகுப்பில் நாம் பயிலும் கவராயமும் அளவுகோலுமே அதற்கு முதலீடு.

முதல் வரைவுக்குப் பழுப்புத் தாள் போதும். ஆனால் தாள் ஈரத்தில் விரியும். கார்த்திகை தீபத்து மழையில் வரைந்தது பங்குனி வெயிலில் அதே அளவில் இராது. அளவு உறுதியானபின் கெட்டி அட்டையில் எடுத்து வார்னிஷ் பூசுங்கள். கத்தி அடிக்கடி ஓடும் உருவுக்குத் தகடே ஏற்றது. அட்டையின் விளிம்பைக் கத்தி சீவிவிடும். கோடு போட மட்டும் என்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு நன்று. தோலிலுள்ள வடுவும் உண்ணிக் கடியும் அதன் வழியே தெரியும், விலக்கி வெட்டலாம். தையற்காரருக்கோ துணியின் நூலோட்டம் தெரியும்.

மூல அட்டையைத் தனியே காத்து வையுங்கள். நகலிலிருந்து நகல் எடுத்தால், கோட்டின் பருமனால் விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் கூடுவதாகக் கொள்வோம். ஆறாவது நகலில் இருபுறமும் சேர்ந்து 6 மில்லிமீட்டர்! ஐரோப்பியக் காலணி அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடே 6.67 மில்லிமீட்டர்தான்.

சென்னை கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் இக்கலையைக் கற்பிக்கின்றனர். சேர விரும்பும் பிள்ளைகள் விழா முடிந்ததும் என்னைப் பாருங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து எழுதுவோம்.