வர்ணத்தைக் காக்கும் மெல்லிய பூச்சு

இக்கால மோட்டார் வண்டியின் வர்ணத்துக்கு மேலே நிறமற்ற பூச்சொன்று உண்டு. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 20இல் ஒரு பங்கே. வெயிலில் வட்ட வட்டமாய்த் தெரியும் நுண்கீறல்களுட் பெரும்பாலானவை வீதியில் நேர்ந்தவையல்ல. உலர்ந்த தூசியைத் துணியால் துடைப்பதால் விளைந்தவை. தூசியிலுள்ள மணல் அப்பூச்சிலும் கடினமானது. ஆதலின் முதலில் நீரூற்றி மண்ணை அகற்றுதல் வேண்டும். பின்னர், வண்டிக்குரிய சவர்க்கார நீருக்கு ஒரு வாளியும் துணியை அலச வேறொரு வாளியும் வைத்து, மேலிருந்து கீழாகக் கழுவுதல் நன்று.

மினுக்குதல் கீறலை நிரப்புவதன்று. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன் செய்வதே. அடிக்கடி மினுக்குபவர் அழகைத் தேடிக் காப்பை இழக்கிறார். மெழுகு அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும்; கல்லடியைத் தடுக்காது. அதற்கு லொறிகளின் பின்னே போதிய தூரம் விட்டுச் செல்லுதலே எளிய வழி. கல்பட்டு இரும்புத் தகடு வெளித்தெரியின், துருப்பிடிக்குமுன் அவ்விடத்துக்கு வர்ணமிடல் வேண்டும்.