கப்பலில் படியளப்பது யார்?

(உத்தனப்பள்ளியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தலைப்பை அறிவித்தபோது சிலர் சிரித்தீர்கள். ராயக்கோட்டைத் தக்காளியைப் பற்றிப் பேசலாம், ஓசூர் ரோஜாவைப் பற்றிப் பேசலாம், சிப்காட்டைப் பற்றிப் பேசலாம். கடற்கரையே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பலில் டிப்ஸ் கொடுப்பதைப் பற்றி ஒரு பேச்சா என்று நினைத்திருப்பீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கூடுகையைக் கப்பலில் வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற சுற்றுலாக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 1990-இல் கட்டிய கப்பல் அது. எனக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது, அதுதான் என்னைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது! அப்படி ஒரு பயணத்துக்கு டிராவல் ஏஜென்ட் ஒருவரிடம் கொட்டேஷன் கேட்டோம். வந்த தாளில் கேபின் கட்டணம், அதன் கீழே துறைமுகக் கட்டணம், அதன் கீழே 'கிராஜுவிட்டி', கடைசியில் ஜி.எஸ்.டி. இந்தக் கிராஜுவிட்டி என்ற ஒற்றை வார்த்தை குழுவை இரண்டாகப் பிரித்துவிட்டது.

ஏனென்றால் நம்மில் பாதிப்பேர் ஓசூர்ப் பக்கக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். 1972-இல் வந்த சட்டத்திலிருந்து நமக்குக் கிராஜுவிட்டி என்றால் ஒரே அர்த்தம்தான். ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு விலகும்போது, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் முதலாளி கொடுக்கும் பணிக்கொடை. மனிதவளப் பிரிவில் இருக்கும் நம் நண்பர் எழுந்து, "கப்பல்காரன் அவன் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டிய நாம ஏன்யா கட்டணும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கப்பலில் அந்த வார்த்தைக்கு டிப்ஸ் என்று அர்த்தம் என்று விளக்கியும் ஆயிற்று. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். அவர் வார்த்தையைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டார், கேள்வி என்னவோ சரியான கேள்விதான்.

பணியாளுக்குப் படியளப்பவன் முதலாளி என்பது நம் ஊர் வழக்கு. கப்பலில் படியளப்பது யார்? இரண்டு ஒப்பந்தக் காலம் ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பலில் ஏ.சி. பிரிவில் இன்ஜினியராக இருந்தவன் நான். இன்ஜின் பிரிவுக்குப் பொதுவாக டிப்ஸில் பங்கு கிடையாது. எனக்கும் ஒரு காசு வந்ததில்லை. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நடுநிலையாகப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் கப்பலில் டிப்ஸ் என்றால் கவர்தான். பயணத்தின் கடைசி இரவு, அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்று, மேசையில் பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று என்று பயணிகள் கையில் கொடுப்பார்கள். தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர் என்று இருந்த காலம். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன், விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. நேற்று பரிமாறியவர் வேறு, இன்று பரிமாறுபவர் வேறு என்றால் கவரை யாரிடம் கொடுப்பது? ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அறைக் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் பரவியது. சில கம்பெனிகள் இதைக் கிராஜுவிட்டி என்கின்றன, சில கம்பெனிகள் சர்வீஸ் சார்ஜ் என்கின்றன.

தொகை சின்னது மாதிரிதான் தெரியும். 2025-இல் ராயல் கரீபியன் கப்பல்களில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் அறைக்கு 21 டாலர். நான்கு பேர் உள்ள குடும்பம் ஏழு நாள் போனால் 518 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் 44,030 ரூபாய். பிள்ளைகளுக்கும் உண்டு. இது போக, வாங்கும் பானங்களுக்குத் தனியாக 18 சதவீதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் கட்டணத்தில் இது எதுவும் சேராது.

நமக்கு இது புதிதா என்ன? ஓசூரில் ஒரு டூரிஸ்ட் வேன் பிடியுங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பிறகு டோல் தனி, அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகா பர்மிட் தனி, டிரைவர் பேட்டா தனி. அந்தப் பேட்டாவை யாராவது டிப்ஸ் என்று சொல்கிறோமா? சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளி நம் பில்லில் எழுதுகிறார் என்று நமக்குத் தெரியும். "டிரைவர் சரியாப் பேசல, பேட்டாவ வெட்டிடுறேன்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் டிரைவர் அடுத்த டீக்கடையிலேயே வண்டியை ஓரம் கட்டிவிடுவார்! டீக்குக் கொடுக்கும் ஐம்பது, நூறு வேறு கணக்கு. கப்பலின் தினசரிக் கட்டணம் பேட்டா ஜாதி. அதற்கு டிப்ஸ் என்று பெயர் வைத்ததுதான் குழப்பம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. டிப்ஸ் என்று பெயர் இருப்பதால் பயணி அதை வேண்டாம் என்று சொல்லலாம். அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றில் வரவேற்பு கவுண்டரில் போய்ச் சொன்னால் அந்தத் தொகையைக் குறைப்பார்கள், முழுவதும் நீக்கியும் விடுவார்கள். கடைசி நாள் இரவு அந்தக் கவுண்டர் முன்னால் நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கஞ்சர்கள் அல்ல. சிலர், 'கம்பெனி வழியாகப் போனால் இவனுக்குக் கிடைக்காது, நானே கையில் கொடுக்கிறேன்' என்று நல்லெண்ணத்தோடு நீக்கிவிட்டு, தங்கள் அறை ஊழியரிடம் இருபது டாலர் நோட்டைக் கொடுப்பார்கள். சில கம்பெனிகளின் விதிப்படி, பொதுக் கட்டணத்தை நீக்கிய பயணி கையில் கொடுத்த பணத்தை அந்த ஊழியர் பொதுத் தொகுப்பில் கட்டிவிட வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், அறை ஊழியன், ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "எனக்குக் கவர்கூட வேணாம் சார். அந்தக் கவுண்டருக்குப் போகாம இருந்தாப் போதும்."

தொகுப்பில் யார் யார் பங்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அறை ஊழியர், பரிமாறுபவர் தவிர, பயணி கண்ணில் படாத சிலருக்கும் அதில் பங்கு இருக்கும். எங்கள் ஏ.சி. குழாய்களைப் பார்க்க நான் அடிக்கடி கீழ்த்தளத்துக்குப் போவேன். அமெரிக்கப் பயணிகள் வரும் கப்பல்களில் ஊழியர்கள் நடமாடும் நீண்ட நடைபாதைக்கு அவர்களே வைத்த பெயர் 'ஐ 95'. அது அமெரிக்காவின் ஒரு நெடுஞ்சாலை. நம்முடைய என்.எச். 44 மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையை ஒட்டி லாண்டரி. எத்தனை டன் ஏ.சி. போட்டாலும் அந்த இடம் குளிராது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான விரிப்புகள், துண்டுகள். அங்கே நிற்பவரைப் பயணி ஏழு நாளும் பார்க்கப்போவதில்லை, கவர் கொடுக்கும் காலத்தில் அவருக்குக் கவர் வந்திருக்காது. தொகுப்பு முறையில் ஒரு நியாயம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் துண்டு துவைப்பவரின் சம்பளம் பயணியின் தயவில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தப் பழக்கத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், டிப்ஸையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலி வந்துவிட வேண்டும். 1991-இலிருந்து அந்த 2.13 மாறவில்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன என்பது வேறு. கப்பல்களுக்கு இதுகூடப் பொருந்தாது, பல கப்பல்கள் பஹாமாஸ், பனாமா கொடியில் ஓடுகின்றன. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006 என்று ஒன்று இருக்கிறது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2015-இல் ஏற்றது. அதில் சமையல்காரர், பரிமாறுபவர் எல்லோரும் கடலோடிகள்தான். ஓய்வு நேரக் கணக்கைப் பின்பற்றும் கப்பலில் ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி, வாரத்துக்கு 77 மணி ஓய்வு கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி, 77 போனால் மீதி 91. நம் ஃபேக்டரிகளில் வாரத்துக்கு 48 மணி.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டனில் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019 மே மாதத்திலிருந்து தினசரிக் கட்டணத்தை எடுத்துவிட்டு, அதைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டது. நம் நாட்டில் இதே சண்டை ஓட்டல்களில் நடந்தது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்கள் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று விதி வெளியிட்டது. அதே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஓட்டல் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுபவர் விருப்பம் என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் உடன்பாடுதான், ஆனால் பாதித் தூரத்துக்கு மட்டும். சாப்பிடுபவருக்கு விருப்பம் கிடைத்தது, பரிமாறுபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை.

செயற்குழுவுக்கு என் யோசனை சுலபமானது. கப்பல் பயணம் முடிவானால், கிராஜுவிட்டி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரே தொகை வசூலியுங்கள். கவுண்டருக்குப் போய் நீக்கச் சொல்வது நம் சங்கத்துக்கு வேண்டாம். பிடித்திருந்தால் கையில் கொடுப்பது அவரவர் இஷ்டம்.

இனி தம்பி தங்கைகளுக்கு. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் கொரோனாவால் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் பயணிகள் 6 பேர். மீதி 132 பேரும் ஊழியர்கள். சுற்றுலாக் கப்பலில் நாம் எந்தப் பக்கம் அதிகம் என்பது இதிலேயே தெரியும். அடுத்த மாதம் உலகம் முழுவதும் இந்தக் கப்பல்கள் நின்றபோது பயணிகள் இறங்கிப் போனார்கள். தினசரிக் கட்டணமும் அவர்களோடு இறங்கிப் போனது.

உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப் சுவரில்கூட 'கப்பலில் வேலை, கை நிறையச் சம்பளம்' என்ற நோட்டீஸைப் பார்த்தேன். சென்ற வருடம் நம் ஜூனியர் ஒருவன் வேலைக் கடிதத்தோடு வந்து, "அண்ணா, நல்ல ஆஃபர்தானே?" என்று கேட்டான். மாதச் சம்பளத்துக்கு நேராக ஒரு பெரிய தொகை, பக்கத்தில் 'வரை' என்று ஒரு சின்ன வார்த்தை. அந்தத் தொகையில் பாதிக்கு மேல் கிராஜுவிட்டியின் சராசரி மதிப்பீடு. "இது சம்பளம் இல்லடா, வானிலை அறிக்கை" என்றேன். கேட்டு வாங்க வேண்டிய விஷயங்களை அவனோடு உட்கார்ந்து எழுதினோம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பயணிகள் குறைந்தாலும் உத்தரவாதமாக வரும் தொகை எவ்வளவு? உத்தரவாதத் தொகையிலேயே டிப்ஸும் அடக்கமா? சில ஒப்பந்தங்களில் அடக்கம், அதாவது டிப்ஸ் கூடினால் கம்பெனி கொடுப்பது குறையும், அவ்வளவுதான். பயணி நீக்கினால் யார் ஈடு கட்டுவது?

ஏஜென்ட் வைத்திருக்க வேண்டிய உரிமத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்று பெயர், கப்பல் துறை இயக்குநரகம் கொடுப்பது. அதன் இணையதளத்தில் எண்ணைச் சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தர ஆளிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், இவற்றின் செலவு மட்டும் நம்முடையது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதி ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். மாதாமாதம் கணக்கு விவரத்தோடு சம்பளம் வர வேண்டும், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் கப்பல்காரர் செலவு.

அந்தத் தம்பி கேள்விகளை அனுப்பிய ஏஜென்டிடமிருந்து மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வேறொரு உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக, முதலில் சொன்னதைவிடக் குறைந்த தொகைக்கு, ஆனால் முழுவதும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்போது இரண்டாவது ஒப்பந்தத்தில் இருக்கிறான். கேள்விகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.