மின் கிதாரும் வீட்டுக் கணினியும்



போடிநாயக்கனூரை ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மேற்கே மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் இங்கு வந்து விலை பேசப்படுகிறது. சுற்றுப்புறத்து இலவம்பஞ்சு மெத்தையாகவும் தலையணையாகவும் உருமாறி வெளியூர்களுக்குச் செல்கிறது. மணத்துக்கும் மென்மைக்கும் பெயர்பெற்ற இவ்வூரை வைத்துக்கொண்டு மின் கிதாரைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலே 1943ஆம் ஆண்டு பிறந்த இளையராஜா, 1960களின் பிற்பகுதியிலே சென்னைக்குச் சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, செவ்வியல் கிதாருக்காக லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். திறமை மலையடிவாரத்தில் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடமோ சென்னையில் இருந்தது. ஆகவே திறமைதான் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பயணத்தின் செலவைத் தாங்க முடியாமல் ஊரிலேயே நின்றுபோன விரல்கள் எத்தனை என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. இன்று, சொந்த வீட்டிலே ஒரு பழைய கணினியைக் கொண்டே கிதார் இசையைத் தரமாகப் பதிய முடியும். அதற்குப் பணம் கொஞ்சம் வேண்டும். விளக்கம் நிறைய வேண்டும்.

வீட்டிலே பதிவு செய்வது புதிய எண்ணமன்று. அமெரிக்கக் கிதார்க் கலைஞர் லெஸ் பால், ஹாலிவுட்டிலே தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் இருந்துகொண்டு, 1948இல் வெளிவந்த ‘லவ்வர்’ என்ற இசைத்தட்டில் எட்டுக் கிதார்களின் ஒலியை ஒருவராகவே வாசித்துச் சேர்த்தார். ஒரு தட்டிலே பதிந்ததை ஓடவிட்டு, அதனோடு தாமும் வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டிலே பதிவார், அதனோடு மூன்றாவது, இப்படியே எட்டு. படிக்குப் படி எடுக்கும்தோறும் இரைச்சல் கூடும். கணினி ஒலியை எண்களாக வைத்துக்கொள்கிறது. எண்ணை எத்தனை முறை எழுதினாலும் எண் தேய்வதில்லை. லெஸ் பாலுக்கு வாய்க்காத இந்த வசதி இன்று ஒரு பள்ளி மாணவனுக்கு வாய்த்திருக்கிறது.

முதலில் ஒலி எவ்வழியே செல்கிறது என்று பார்ப்போம். மின் கிதாரின் நரம்புகள் எஃகினாலோ, நிக்கல் சுற்றிய எஃகினாலோ ஆனவை. அவற்றின் அடியிலே ‘பிக்கப்’ என்னும் உறுப்பு இருக்கிறது. காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மயிரிழை போன்ற செம்புக் கம்பியுமே அது. நரம்பு அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. கம்பியிலே மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதே தத்துவந்தான் இங்கே பாடுகிறது. தடித்த நரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்ந்தால், கம்பியிலும் 82 முறை மின்சாரம் ஏறி இறங்கும்.

ஆனால் அந்தக் கம்பிச் சுருளுக்கு நரம்பு யாது, அயலான் யாது என்ற வேற்றுமை தெரியாது. நம் நாட்டு வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. குழல்விளக்கின் சோக், மின்விசிறியின் ரெகுலேட்டர், பக்கத்துத் தோட்டத்து மோட்டார், கணினியின் சார்ஜர் ஆகிய யாவும் தத்தம் காந்தப்புலத்தைக் காற்றிலே பரப்புகின்றன. பிக்கப் அவற்றையும் பிடித்துக்கொள்கிறது. வாசிக்காமல் இருக்கும்போதும் கேட்கும் அந்த ‘ம்ம்ம்’ என்ற உறுமல் இவ்வாறு வருவதே. மலிவான கிதாரின் குற்றம் என்று பலர் இதை நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அறையின் குற்றம்.

இந்த இடத்தில் போடி மலையே நமக்கு ஓர் உவமை தருகிறது. பொட்டிபுரத்தை அடுத்த போடி மேற்கு மலையிலே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்று திட்டமிடப்பட்டதையும், 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்ததையும், சுற்றுச்சூழல் கருதி எழுந்த எதிர்ப்பையும் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். அது தேவையா என்ற வழக்கு இங்கு நமக்கு வேண்டாம். விஞ்ஞானிகள் ஏன் மலையின் வயிற்றை நாடினார்கள் என்பது மட்டும் போதும். நியூட்ரினோவின் சுவடு மிக மெல்லியது. விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் ஆரவாரத்தில் அது மறைந்துபோகும். ஆரவாரத்தைத் தடுக்கச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். மெல்லிய குறிப்பைப் பெரிதாக்குவதற்கு முன் இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்பதே அங்கும் விதி, இங்கும் விதி. பின்னால் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும்.

நமக்குப் பாறை வேண்டியதில்லை. குழல்விளக்கையும் ரெகுலேட்டர் உள்ள விசிறியையும் அணையுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டுங்கள். பிறகு கிதாரை மடியில் வைத்தவாறே நாற்காலியோடு மெல்லச் சுழன்று பாருங்கள். ஏதோ ஒரு திசையில் உறுமல் சட்டென்று அடங்கும். அதுவே நீங்கள் அமர வேண்டிய திசை. காசு செலவில்லாத இந்த மருந்தைப் பலர் அறியார். கிதாரில் இரட்டைச் சுருள் பிக்கப் இருந்தால் இன்னும் நல்லது. கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. இரு சுருள்களையும் எதிரெதிராக இணைத்தால் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காந்தங்களும் எதிரெதிராக இருப்பதால் நரம்பின் ஒலி மட்டும் கூடும். எளிய கணக்கு, அழகிய கணக்கு.

ஓர் எச்சரிக்கை. உறுமலை ஒழிக்கச் சிலர் மூன்று முள் செருகியின் நில இணைப்பு முள்ளை உடைத்துவிடுகிறார்கள். கிதாரின் நரம்புகள் நில இணைப்போடு சேர்ந்தவை. உங்கள் விரல்கள் நரம்பின்மேல் இருப்பவை. அந்த முள்ளை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். வீட்டில் நில இணைப்பே சரியில்லை என்றால், மின்பணியாளரை அழைத்து அதைச் சரிசெய்வதே முதற் செலவு.

அடுத்து, கிதாரை நேராகக் கணினியின் மைக் துளையில் செருகலாகாதா? செருகலாம், ஒலி கம்பளி போர்த்தியதுபோல் வரும். பிக்கப் ஒரு மெலிந்த ஊற்று. சிறு குவளையால் மொண்டால் தெளிந்த நீர் கிடைக்கும். பெரிய வாளியை இறக்கினால் கலங்கும். மைக் துளையின் மின்தடை சில ஆயிரம் ஓம்களே ஆதலால், அது வாளியைப் போல இழுக்கிறது, மேல்ஒலிகள் மடிகின்றன. கிதாருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் தடையுள்ள வாயில் வேண்டும். இதற்கென்று ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்ற சிறு பெட்டி விற்கிறது. கிதார் வயரை வாங்கி, ஒலியை எண்ணாக்கி, யுஎஸ்பி வழியே கணினிக்குத் தருவது அதன் தொழில். ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இஸட்’ என்று குறித்த துளை அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்லவை கிடைக்கின்றன.

பதியும் அளவைப் பற்றி ஒரு சொல். நெல்லை மரக்காலில் அளப்பவர் மேலே குவிந்ததைத் தலைதட்டி விடுவார். கணினியும் தன் அளவுக்கு மேல் வந்த ஒலியைத் தலைதட்டிவிடும்; தட்டியது திரும்ப வராது; கேட்கக் கரகரக்கும். எனவே மிக ஓங்கி மீட்டும்போதும் மானியின் முள் உச்சிக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வையுங்கள். 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடம் தருவதால், தாழ்த்திப் பதிவதால் கெட்டுப்போவது எதுவுமில்லை.

தொடங்குவோரைப் பெரிதும் சோர்வுறச் செய்வது தாமதம். மலையை நோக்கிக் கூவினால் ஒரு வினாடி கழித்து எதிரொலி வருகிறது என்று கொள்வோம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், பாறை 170 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். இதே கணக்கைக் கணினிக்கும் போடுங்கள். கணினி எண்களைக் கட்டுக் கட்டாகவே கையாளும். வினாடிக்கு 48,000 எண்கள் என்ற வேகத்தில், கட்டுக்கு 1024 எண்கள் என்று வைத்தால், ஒரு கட்டு நிறைய 21 மில்லி வினாடி ஆகிறது. உள்ளே வர ஒரு கட்டு, வெளியே போக ஒரு கட்டு. ஆக, உங்கள் கிதாரை ஏறத்தாழ 14 மீட்டர் அப்பால் யாரோ வாசிப்பதுபோல் நீங்கள் கேட்பீர்கள். விரல் ஓரிடம், ஒலி ஓரிடம். தாளம் எப்படி நிற்கும்? தனக்கு லயஞானம் இல்லை என்று கண்கலங்கிக் கிதாரைக் கட்டிவைத்த இளைஞர்கள் உண்டு. லயத்தில் குறையில்லை; கட்டின் அளவில்தான் குறை. அதை 128 எண்களாகக் குறைத்தால் ஒரு கட்டுக்கு மூன்று மில்லி வினாடிகூட ஆகாது.

பழைய கணினி சிறு கட்டைத் தாங்காமல் வெடிவெடிப்பாக ஒலிக்கலாம். அப்போது இன்டர்பேஸிலுள்ள ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானை அழுத்துங்கள். கணினியைச் சுற்றி வராமல், கிதார் ஒலி நேரே உங்கள் ஹெட்போனுக்கு வந்துவிடும். விண்டோஸ் கணினியில் இன்டர்பேஸுக்குரிய ஏ.எஸ்.ஐ.ஓ. இயக்கியை நிறுவிக்கொள்வதும் அவசியம்.

இப்படிக் கிடைக்கும் பதிவு வறண்டு ஒலிக்கும், மனந்தளர வேண்டாம். மின் கிதாரின் பழகிய குரலில் பாதிக்குமேல் ஆம்ப்ளிபயருக்கும் அதன் ஸ்பீக்கர் பெட்டிக்கும் சொந்தம். அவ்விரண்டையும் கணக்காகச் செய்துகாட்டும் நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன: கிதாரிக்ஸ், நியூரல் ஆம்ப் மாடலர் என்பன இரண்டு. பதிவதற்கு ஆடாசிட்டியோ ஆர்டரோ போதும். இவற்றுள் வியப்பானது ஸ்பீக்கர்ப் பெட்டியைப் பிடிக்கும் முறை. குரங்கணிப் பள்ளத்தாக்கிலே நின்று ஒருமுறை கைதட்டிக் கேளுங்கள். திரும்பி வருவது அந்தப் பள்ளத்தாக்கின் கையொப்பம். அதுபோலவே ஒரு பெட்டிக்குள் கணநேர ஒலியொன்றைச் செலுத்தி, அது தரும் மறுமொழியைப் பதிந்து வைக்கிறார்கள். உங்கள் கிதாரின் ஒவ்வொரு எண்ணையும் அம்மறுமொழியோடு பெருக்கிக் கூட்டினால், அந்தப் பெட்டி உங்கள் அறையில் இருந்ததுபோலவே ஒலிக்கும். வறண்ட பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். பத்தாண்டு கழித்துச் சிறந்த நிரல் வந்தால், அன்று வாசித்த அதே வாசிப்புக்குப் புதுக் குரல் கொடுக்கலாம்.

உண்மையான ஆம்ப்ளிபயரே வைத்திருப்பவர் அதன்முன் மைக்கை நிறுத்திப் பதியலாம். வெறுஞ்சுவர் அறை எதிரொலித்துக் கெடுக்கும் ஆதலால், நம்மூர் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்துங்கள். நடுஒலியும் மேல்ஒலியும் அடங்கும். அடித்தள ஒலிக்கு மெத்தை ஈடுகொடாது. 82 சுழற்சி ஒலியின் அலைநீளமே நான்கு மீட்டருக்கு மேல்.

இனிப் பணக்கணக்கு. விடியுமுன் ஜீப்பிலே மலையேறி ஏலக்காய் பறித்துவரும் தாயார் சேர்த்துக் கொடுக்கும் பணமாக அது இருக்கலாம். ஆகவே விளம்பரத்தைப் பார்த்துச் செலவிடுதல் தகாது. கணினிக்கு அநேகமாகச் செலவே இல்லை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் பெற்ற விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் உறங்குகின்றன. ஒற்றைக் கிதாரின் பதிவு நிமிடத்துக்கு எட்டு மெகாபைட் அளவே ஆதலால், பழுதில்லாத பழைய கணினி அதைச் சுமக்கும். முதலில் இன்டர்பேஸ், அடுத்துக் காதை மூடும் ஹெட்போன், அடுத்து உறுதியான வயரும் புது நரம்பும். கிதாரை மாற்றுவது கடைசி. இருக்கும் கிதாரின் சுருதி ஒவ்வொரு கட்டையிலும் சேருமாறு ஒரு கைதேர்ந்தவரிடம் கொடுத்துச் சீர்செய்தாலே பாதி வேறுபாடு தெரியும். மலைச்சரிவின் ஈரத்திலே எஃகு நரம்பு விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது நலம்.

ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும் மாலைகளில் செருகிகள் யாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சிறு இன்டர்பேஸ்கள் பல மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் பெறுபவை. எனவே மழை ஓய்ந்தபின்னும் மின்சாரம் வராதிருந்தால், மின்கலம் உள்ளவரை பதிவு நடக்கும். தெருவே இருண்டு, சோக்கும் மோட்டாரும் ரெகுலேட்டரும் ஒருங்கே அடங்கிக் கிடக்கும் அந்த அரைமணி நேரத்தில் பிக்கப்பின் உறுமல் ஏறத்தாழ இல்லாமலே போகும். மின்வெட்டை எல்லாரும் வைவார்கள். மின் கிதார் பதிவதற்கு அதைவிட நல்ல வேளை கிடையாது.